காதைப் பார்க்கும் மிஸ்

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, குழந்தையின் காதையே பார்த்துக்கொண்டிருக்கிறார் மார்ஜரி மிஸ். தாய் கட்டிலில் சாய்ந்து பால் கொடுக்கிறாள். காதுக்குச் சற்று முன்னால், நெற்றிப்பொட்டுப் பக்கம், தோல் இலேசாக அசைகிறது. அசையும் ஒவ்வொரு தடவையும் மிஸ்ஸின் சுட்டுவிரல் தன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுகிறது. வாய் சத்தமில்லாமல் எண்ணுகிறது. நடுவில் யாராவது "ப்ளேன்டீ குடிக்கிறீங்களா மிஸ்?" என்று கேட்டுவிட்டால், மற்றக் கை உயர்ந்து உள்ளங்கையைக் காட்டும். பொறு என்று அர்த்தம். அமைச்சர் வந்து நின்று கேட்டாலும் அதே உள்ளங்கைதான் கிடைக்கும்.

"விழுங்கினாத்தாங்க காதுப் பக்கம் ஆடும்" என்று ஒருமுறை எனக்கு விளக்கம் சொன்னார். "வாய் ஆடுறத நம்பக் கூடாது ராத்தா. வாய் சும்மாவும் ஆடும். இந்த ஊர்ல எத்தன பேருக்கு ஆடுது, பாக்கிறீங்கதானே."

அக்கா என்பதற்கு எங்கள் வீடுகளில் ராத்தா; என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். நான் கொஞ்சம் வாய்க்காரி என்பது ஊருக்கே தெரியும், ஆகையால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

எங்கள் பகுதிக்குக் குடும்பநல மாது அவர். அந்தப் பெயரை அலுவலகக் கடிதத்தில் மட்டும்தான் பார்க்கலாம். ஊருக்கு அவர் "மிட்வைப் மிஸ்". மாத்தளை டவுனிலிருந்து நாவுல பஸ்ஸில் வந்து எங்கள் சந்தியில் இறங்குவார். வெள்ளைச் சீருடை, கறுப்புக் குடை, தோளில் ஒரு பெரிய பை. நாற்பத்தாறு வயது என்று அவரே சொல்லித்தான் தெரியும், நடையைப் பார்த்தால் முப்பது சொல்லலாம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். மழை நாளில் அடுப்படிக்கே போய்க் கையைக் காட்டிவிட்டுத்தான் அறைக்குள் வருவார். குளிர்ந்த கையால் குழந்தையைத் தொட்டதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில். அந்தப் பழக்கம் நாக்கில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆண் குழந்தை எல்லாம் அவருக்குத் "தொரை", பெண் குழந்தை எல்லாம் "தொரசாணி". "தொரசாணி என்ன சொல்றாங்க? ராத்திரி ஆபீஸ் தொறந்து வச்சிருந்தாங்களோ?" என்று கேட்டுக்கொண்டு துணியை விலக்கிப் பார்ப்பார். எங்கள் முஸ்லிம் வீடுகளில் தோட்டத்துப் பேச்சுப் பேசுகிற இந்தக் கத்தோலிக்கப் பெண்ணை முதலில் கொஞ்சம் வினோதமாகத்தான் பார்த்தார்கள். இப்போது எங்கள் பிள்ளைகளையே நாங்களும் தொரசாணி என்கிறோம்.

பைக்குள் தூக்குத் தராசு, நாடா, கார்டுகள், ஒரு பைக்கற் கிறீம் கிறேக்கர் பிஸ்கட், பிறகு ஒரு மேஸ். ஆம், ஆண்கள் காலில் போடுகிற மேஸ்தான். உள்ளே பஞ்சடைத்து, நுனியில் நூலால் ஒரு குமிழ் தைத்து, மார்பகம் என்று வைத்திருக்கிறார். குழந்தை எப்படிக் கவ்வ வேண்டும் என்று காட்டுவதற்கு. புதிதாகப் பிள்ளை பெற்றவள் அதைப் பார்த்து முழித்தால், "இது எங்க நோபர்ட்டோட மேஸ். கழுவினதுதான், பயப்படாதீங்க" என்பார். நோபர்ட் அவருடைய கணவர். பாவம், அந்த மனிதரின் ஒற்றை மேஸைத் தெரியாத தாய் இந்தப் பக்கத்தில் இல்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் அறைக்குள் இருப்பாள். அறைக்குள் அவள் இருக்க, அறை நிறைய மற்றவர்கள் இருப்பார்கள். வருகிற மாமிமார் ஒவ்வொருவரும் பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்கிற முதல் கேள்வி, "பால் ஈக்கா?", பால் இருக்கிறதா என்று. மிஸ் வந்ததும் யாரையும் போகச் சொல்ல மாட்டார். வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல், காலியாகும் கதிரையை ஒவ்வொன்றாகத் தூக்கி ஹோலில் கொண்டுபோய் வைப்பார். எழுந்து தண்ணீர் குடிக்கப் போன மாமி திரும்பி வந்தால் உட்கார இடம் இருக்காது. பத்து நிமிடத்தில் அறை சுத்தம்.

போன ஆண்டு இவர் கைக்கு ஒரு ஆப் வந்தது.

மாத்தளையில் ஒருநாள் பயிற்சி கொடுத்து, தாய்மாரின் போனில் போட்டுக் கொடுக்கும்படி சொல்லி அனுப்பியிருந்தார்கள். பாலூட்டும் தாய்மாருக்கான ஆப். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மணியடிக்கும். திரையில் சுத்தமான ஏட்டுத் தமிழில், "தாங்கள் தங்கள் குழவிக்குப் பாலூட்டினீர்களா?" என்று கேட்கும். குழவியாம்! எங்கள் வீட்டில் குழவி என்றால் அம்மிக்கல்லுக்கு மேலே கிடக்கிறது. கேள்விக்குக் கீழே இரண்டு பொத்தான்: "ஆம்", "பின்னர்". ஆம் என்று அமுக்கினால் ஒரு பச்சை இலை வரும். ஒருநாளில் பத்து இலை சேர்ந்தால் ஒரு பூப் பூக்கும். மாதம் முடிய ஒரு தோட்டமே வந்துவிடும். அந்தத் தோட்டத்தை மிஸ் தன் போனிலிருந்தே பார்க்கலாம். குடும்பத்தில் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளலாம், அவருக்கும் தெரியும்.

முதலில் மிஸ் இதைக் கேலிதான் செய்தார். "போனுக்குப் பால் குடிக்கத் தெரியுமா?" என்று எங்கள் வாசலிலேயே கேட்டார். மனதை மாற்றியது டயனாவின் விடயம். டயனா இவருடைய பழைய ஏரியாப் பெண், கணவர் லக்கலையில் ஆசிரியர். பிள்ளையோடு அங்கே போன பிறகு ஒருநாள் மார்பு கல்லாக வீங்கிக் காய்ச்சல். கடைசி பஸ் போய்விட்டது, பொழுது சாய்ந்தால் ரோட்டில் யானை நிற்கும். அந்த ஆப்பில் குரலை அனுப்புகிற வசதி ஒன்று இருக்கிறது. டயனா அழுதுகொண்டே பேசி அனுப்பினாள். மிஸ் மாத்தளையில் சோறு கிளறிக்கொண்டே பதில் அனுப்பினார். இளஞ்சூட்டில் துணி வைக்கச் சொல்லி, கையால் மெதுவாகப் பிழியச் சொல்லி, குழந்தையை எந்தப் பக்கம் போடுவது என்று சொல்லி, விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, பதினொரு தடவை பேசினாராம். டயனா பிழைத்துக்கொண்டாள், பாலும் நிற்கவில்லை. அன்றோடு மிஸ் ஆப்பின் கட்சி. முப்பத்தெட்டுத் தாய்மாரின் போனில் தானே உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல சாமான்தான். ஆனால் மிஸ் ஒருமுறை காதைப் பார்க்க மறந்ததும் அதனால்தான். அது நடந்தது என் வீட்டில்.

என் தம்பி அன்ஸாப் கத்தாரில் ஒரு பெரிய ஸ்டோரில் சூப்பர்வைசர். அவன் மனைவி றிப்னாவுக்கு இது தலைப்பிள்ளை. அவளுக்கு உம்மா இல்லை, அதனால் நாற்பது நாளும் என்னோடுதான். நான் வீட்டிலேயே தைக்கிறவள். ஹோலில் என் மெஷின், உள்ளறையில் றிப்னாவும் மகளும். குழந்தை இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம், பால் நிறம். அழவே அழாது. "எவ்வளவு அமைதியான புள்ள!" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த அமைதியைக் கண்டு பயந்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

எட்டாம் நாள் மிஸ் வந்தார். நிறுத்துப் பார்த்ததில் கொஞ்சம் குறைந்திருந்தது. பிறந்த புதிதில் குறைந்து பிறகு ஏறுவது வழமைதான் என்றார். பால் குடிப்பதைப் பார்க்கலாம் என்று தரையில் உட்காரப் போனவரிடம், "இப்பதான் குடுத்தேன் மிஸ், தூங்கிட்டா" என்றாள் றிப்னா. மிஸ் தன் போனை எடுத்துப் பார்த்தார். றிப்னாவின் தோட்டம் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாளும் தவறாமல் பத்து இலை, பதினொரு இலை. எந்த மணிக்கும் பதில் தவறியது கிடையாது.

"அடடே! முப்பத்தெட்டுப் பேர்ல இப்படி ஒரு தோட்டம் யாருக்குமில்லீங்க" என்றார். உட்காராமலே புறப்பட்டார். அந்த வாரம் முழுக்க வேறு வீடுகளில் அவர் என்ன செய்தார் தெரியுமா? போனை நீட்டி, "எங்க றிப்னாவோட தோட்டத்தப் பாருங்க, நீங்களும் இப்படிக் குடுக்கணும்" என்று காட்டிக்கொண்டு திரிந்தார். அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கும் வந்தது. றிப்னா அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. வெட்கம் என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

பதினைந்தாம் நாள், திங்கட்கிழமை, மிஸ் மறுபடி வந்தார். அதற்கு முதல் நாள் நான் டவுனுக்குப் போய்ப் பலீல் நானாவின் கடையில் ஒரு பால்மா டின் வாங்கி வந்து அலுமாரிக்கு மேலே ஒளித்து வைத்திருந்தேன். குழந்தையின் கை கால் எல்லாம் எனக்கு மெலிவாகத் தெரிந்தது. அளவெடுக்கிற கண் இல்லையா, பிள்ளைச் சட்டையை நானே தைத்தவள், அது தொளதொளவென்று கிடந்தால் தெரியாதா? யாரிடமும் சொல்லவில்லை. மிஸ்ஸிடம் சொன்னால் திட்டு விழும் என்று பயம்.

உத்தரத்துக் கொக்கியில் தராசை மாட்டி, துணித் தொட்டிலில் குழந்தையைப் போட்டுத் தூக்கினார் மிஸ். முள் நின்ற இடத்தைப் பார்த்தார். குனிந்து மறுபடி பார்த்தார். இரண்டு எழுநூறு. ஏறியிருக்க வேண்டிய நாளில் இன்னும் இறங்கியிருந்தது.

சரியாக அந்த நேரம் றிப்னாவின் மடியில் கிடந்த போன் மணியடித்தது. "தாங்கள் தங்கள் குழவிக்கு..." றிப்னா திரையைப் பார்க்கவேயில்லை, கண் முழுக்கத் தராசில் தொங்குகிற மகள்மேல். பெருவிரல் மட்டும் தானாகப் போய் "ஆம்" என்று அமுக்கியது. மணி நின்றது. ஒரு பச்சை இலை வந்திருக்கும்.

குழந்தை இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

மிஸ் குழந்தையை இறக்கித் தாயின் கையில் கொடுத்தார். வெறுங்காலோடு பின்வாசலால் போய்க் கொடியைப் பார்த்தார். நானும் பின்னாலேயே போனேன். கொடியில் என் இரண்டு சேலையும் குழந்தை மூத்திரம் போய்க் கழுவிய துணி மூன்றும் காய்ந்தன.

"நேத்துலருந்து மூணுதானா ராத்தா?"

"ஓம் மிஸ். மத்தது எல்லாம் காஞ்சுதான் ஈந்திச்சு, கழுவல்ல."

பால் உள்ளே போனால்தானே துணி நனையும் என்று மிஸ்ஸுக்குத் தெரியும். திரும்பி வந்து கதவைச் சாத்தி, றிப்னாவின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். நான் நினைத்தேன், இப்போது கிழிகிழியென்று கிழிக்கப் போகிறார் என்று. அவர் றிப்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நோவுதா?" என்று மட்டும் கேட்டார்.

அவ்வளவுதான். அணை உடைந்தது. "வாய வச்சா உசுரு போகுது மிஸ்" என்று அழுதாள் றிப்னா. "வெடிச்சு ரத்தம் வருது. அவளும் ரெண்டு இழுவ இழுத்துட்டுத் தூங்கிடுறா. மணி அடிக்கிற நேரம் பயமா ஈக்கிது. பின்னர்னு அமுக்கினா பத்து நிமிசத்துல திரும்ப அடிக்கிது. அவரும் கத்தார்ல ஈந்து அந்த எலயப் பாக்கிறார், ஏன் பிந்தினன்னு போன் கோல் எடுக்கிறார். ஆம்னு அமுக்கினா ரெண்டு மணித்தியாலம் எல்லாரும் சும்மா ஈக்கிறாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க வேற என்ட தோட்டத்த ஊரெல்லாம் காட்டினீங்க. பொறகு உண்மய எப்பிடிச் செல்ற?"

ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சட்டை தைத்துக்கொண்டிருந்தவள் நான். என் மெஷின் சத்தத்தில் எனக்கு அந்த மணி கேட்டது, அவள் அழுதது கேட்கவில்லை.

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பு ஒங்க மேல இல்ல. என் மேல" என்றார். "இருபது வருசமாப் புள்ளையப் பாத்தவ நான். அன்னைக்குப் போனைப் பாத்துட்டுப் போயிட்டேன்."

பிறகு நடந்ததெல்லாம் வேகம். வெளியே போய் டொக்டருக்குப் போன் போட்டு எடையைச் சொன்னார். குழந்தை சோர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் மூன்று நாள் பார்த்துவிட்டு வியாழக்கிழமை நிறுப்பது, அப்போதும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று முடிவானது. பைக்குள்ளிருந்து நோபர்ட்டின் மேஸ் வெளியே வந்தது. நுனியை மட்டும் கவ்வினால் வெடிக்கும், வாய் நிறையக் கவ்வ வேண்டும் என்று காட்டினார். "மூக்குக்கு நேரே வைங்க. அவசரப்படாதீங்க. தொரசாணி கொட்டாவி விடுற மாதிரி வாயத் தொறக்கட்டும். ஆ... இப்ப! இழுத்து அணைங்க!" நான்கு தடவை வழுக்கியது. ஐந்தாம் தடவை றிப்னா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். குழந்தை வாய் நிறையக் கவ்வியது, கொஞ்ச நேரத்தில் கடித்த பல் தளர்ந்தது.

"நோவு கொறஞ்சிச்சு" என்றாள், நம்ப முடியாமல்.

அந்த நேரம் பார்த்து என் தம்பி வீடியோவில் வந்தான். அங்கே அவனுக்கு வேலைக்கு இடைவேளை. எடுத்த எடுப்பில், "என்ன, நிறுத்தாச்சா? எவ்வளவு கூடின?" என்றான். மிஸ் போனை வாங்கினார்.

"தம்பி, நீங்க அங்க ஸ்டோருக்குத்தானே சூப்பர்வைசர்?"

"ஓம் மிஸ்."

"இங்க ஸ்டோர் இல்லீங்க."

விடயத்தைச் சொன்னார், ஒன்றையும் மறைக்காமல், தன் பிழையை முதலில் வைத்து. நான் எட்டிப் பார்த்தேன், அன்ஸாப் தலை குனிந்திருந்தான். அவனுக்கும் ஏசத்தான் வந்தேன், முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

"நான் நல்லதுக்குத்தான் மிஸ் செஞ்ச" என்றான். "புள்ளய நான் இன்னும் தூக்கவும் இல்ல. அந்தப் பச்சை எல வாற நேரந்தான் வாப்பா ஆகிட்டேன்னு ஒரு நிம்மதி. நான் இங்க ஈந்து வேற என்னத்தச் செய்ற?"

"தூக்க ஏலாது. பாக்கலாமே." மிஸ் போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாத்தி, குழந்தையின் தலைக்கு நேரே நிறுத்தினார். "காதுக்கு முன்னாடி பாருங்க. ஆடுச்சுன்னா விழுங்குறாங்கன்னு அர்த்தம். சத்தமா எண்ணுங்க, எனக்கும் ஒங்க பொஞ்சாதிக்கும் கையில வேல இருக்கு."

கத்தாரிலிருந்து, "ஒண்டு" என்று கேட்டது. "ரெண்டு... மிஸ், அது மூணா?" "மூணுதான்." றிப்னா சிரித்தாளோ அழுதாளோ தெரியாது. பதினேழு வரைக்கும் எண்ணிவிட்டு என் தம்பி கண்ணைத் துடைத்தான். நான் அழவில்லை என்று சொன்னால் அது பொய்.

இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மிஸ் அன்று மாலை வரை இருந்தார். குடித்து முடிந்ததும் மிச்சப் பாலைக் கையால் பிழிந்து சின்னக் கோப்பையில் ஊட்டப் பழக்கினார். மணியை முதல் வேலையாக நிறுத்திவைத்தார். "இனி இலையும் வேணாம், பூவும் வேணாம். ஒரு நிமிசம் காத வீடியோ எடுத்து ஆப்ல எனக்கு அனுப்புங்க. தம்பிக்கும் அதையே அனுப்புங்க. குடிக்காட்டி, குடிக்கலன்னு பேசி அனுப்புங்க. அதுக்குத்தான் அந்தச் சாமான்." போகும்போது அலுமாரிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பினேன்.

அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் யாருக்கும் வேறு பேச்சில்லை. நான் மெஷினில் உட்காரவேயில்லை, இரண்டு கலியாண உடுப்புகள் பிந்தின. தைக்கக் கொடுத்திருந்த நளீமின் மனைவி வந்து துணி கேட்டபோது, "காது ஆடுது, பொறுங்க" என்று சொல்லி அவளைத் திகைக்க வைத்தேன். அறைக்குள் ஒரேயொரு கதிரைதான் இருந்தது, அதில் நான். செவ்வாய்க்கிழமை கொடியில் ஐந்து துணி. புதன்கிழமை ஏழு. பக்கத்து வீட்டு ஸுபைதா மாமி வேலியால் எட்டிப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ், இண்டைக்குப் புள்ள கத்துதே!" என்றார். கத்தியது உண்மைதான், பசிக்குக் கத்துகிற நல்ல சத்தம்.

இதற்குள் மிஸ் இன்னொரு காரியமும் செய்திருக்கிறார். தோட்டத்தைக் காட்டிய வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போயிருக்கிறார். றிப்னாவிடம் கேட்டுக்கொண்டுதான் போனார். "நான் காட்டுனது பொய்த் தோட்டம். அது தெரியாம ஒங்கள வருத்திட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க, நீங்களும் சும்மா அமுக்கினீங்களா?" என்று கேட்டாராம். அந்தத் தாய்மாரில் ஒருத்தியான நிஷ்மியா என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அவளும் அமுக்கியிருக்கிறாள், முழுக்க இல்லை, பாதி. பதினொரு வீட்டில் நான்கு பேர் ஒத்துக்கொண்டார்களாம். ஆப் செய்தவர்களுக்கும் குரல் ஒன்று போயிருக்கிறது: "ஒங்க 'பின்னர்' பொத்தான் தாய்மாருக்குத் தண்டன மாதிரி இருக்கு. அத எடுங்க. குழவியையும் எடுத்துட்டு புள்ளன்னு போடுங்க."

வியாழக்கிழமை காலை தராசு மறுபடி கொக்கியில் ஏறியது. கத்தாரிலிருந்து போன் போத்தலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. முள் ஆடி ஆடி நின்றது.

"ரெண்டு எண்ணூத்தி இருபது" என்றார் மிஸ்.

மூன்று நாளில் நூற்றிருபது கிராம். ஒரு றாத்தலில் காற்பங்கு சீனிதான் கணக்கு, ஆனால் அந்த அறையில் அது எவ்வளவு பெரிய பாரமாக இருந்தது என்று எங்களுக்குத்தான் தெரியும். அன்ஸாப் போனுக்குள் "யா அல்லாஹ்" என்றது மட்டும் கேட்டது. நான் மிஸ்ஸைக் கட்டிப்பிடித்துவிட்டேன். வெள்ளைச் சீருடையில் என் அடுப்படிக் கரி.

"பொறந்த நிறைக்கு இன்னும் எண்பது வேணும்" என்றார் மிஸ், கரியைத் தட்டிக்கொண்டே. "பாத்துக்கலாம்." பிறகு சாதாரணமாக என் பக்கம் திரும்பினார். "ராத்தா, அலுமாரிக்கு மேல இருக்கிற அந்த டின்ன எடுத்துக்கிட்டு என்னோட டவுனுக்கு வாங்க. கடையில மாத்தி வேற ஏதாவது வாங்கிக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டின்னுக்காக இல்லை. "நாப்பது கழியல்ல மிஸ்! புள்ளயோட அவளத் தனிய உட்டுட்டா? எங்கட ஆக்கள் என்ன செல்லுவாங்க?"

"ஸுபைதா மாமி வேலிக்கு அந்தப் பக்கம்தானே. கூப்பிட்டா வந்துருவாங்க." குரலைத் தாழ்த்தினார். "மூணு நாளா நீங்களும் நானும் தம்பியும் சுத்தி நிக்கிறோம். அந்தப் புள்ள தானாக் குடுத்துப் பாக்க ஒரு தடவ வேணும். யாரும் பாக்காம."

நான் றிப்னாவைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறித்தான் இருந்தது. ஆனால், "போயிட்டு வாங்க ராத்தா" என்றாள். கத்தாருக்கும் அவளே சலாம் சொல்லிக் கோலை வெட்டினாள்.

பஸ்ஸில் மிஸ்ஸுக்கு யன்னல் பக்கம், எனக்கு ஓரம், என் மடியில் பை, பைக்குள் உடைக்காத டின். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வழியெல்லாம் பேசினேன். வழுக்கினால் என்ன செய்வாள், அழுதால் என்ன செய்வாள், எண்பது கிராமுக்கு எத்தனை நாள் வேண்டும், நான் இறங்கித் திரும்பிப் போகட்டுமா? மிஸ் கிறீம் கிறேக்கர் ஒன்றை உடைத்துப் பாதியை என் வாய்க்கு நீட்டினார். வாயை அடைக்கத்தான்.

பாதி வழியில் அவருடைய போன் அதிர்ந்தது. றிப்னா. எழுத்து ஒன்றுமில்லை, ஒரு நிமிட வீடியோ. மிஸ் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். நானும் தலையை நீட்டினேன். தண்ணீர்ப் போத்தல் நிழல், தலையணை ஓரம், நடுவில் சின்னக் காது. பஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

காது சும்மா கிடந்தது.

"மிஸ், டிக்கட் சல்லி" என்று கொண்டக்டர் வந்து நின்றான். மிஸ்ஸின் இடது கை உயர்ந்து உள்ளங்கையைக் காட்டியது. வலது கைச் சுட்டுவிரல் என் மடிக்கு வந்து, பைக்குள் இருந்த டின்னின் மூடியில் ஒரு தட்டுத் தட்டியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு விடாமல் தட்டத் தொடங்கியது.